மகஜர் எழுதுகிற கை: ஒரு செல்போன் வழக்கும் அதிலிருந்து பிறந்த பயிற்சியும்

"கருப்பு நிற செல்போன் 1, பென்டிரைவ் 1."

ஒரு பெண்ணின் நிம்மதி தொங்கிக்கொண்டிருந்த வழக்கில், மின்னணுச் சாட்சியத்தைப் பற்றிக் கைப்பற்றுதல் மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் ஆவணம், சொன்னது இவ்வளவுதான். அந்த வழக்கை அரசுத் தரப்பில் நடத்தியவன் நான். மதுரைப் பக்கத்து நீதிமன்றங்களில் அரசு உதவி வழக்கறிஞராக இருந்தவன். வழக்கில் தோற்றோம். பிறகு அதே வழக்குக் கட்டைப் பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு, காவலர்கள், அரசு வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஊழியர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து இரண்டு நாள் பயிற்சி நடத்தினோம். வழக்கில் என்ன நடந்தது, எந்த இடத்தில் அறுந்தது, வகுப்பில் என்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். ஆட்கள், ஊர், நாள், நேரம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன். தவறுகளை நடந்தபடியே விட்டிருக்கிறேன்.

வழக்கு

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற பக்கம் ஒரு கிராமம். தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் பெண், வயது 22. பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். கீழே விழுந்து போன் டிஸ்பிளே உடைந்துவிட்டது. பக்கத்து ஊர் செல்போன் கடையில் கொடுத்தாள். "லாக்கை எடுத்துட்டுக் குடுங்க, டச் செக் பண்ணணும்" என்றார்கள். எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

நாலு நாள் கழித்து இரவில், தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. முகம் அவளுடையது, உடம்பு வேறு யாருடையதோ. 15,000 ரூபாய் வேண்டும், இல்லையென்றால் ஊர்க் குரூப்பில் போடுவேன் என்று மிரட்டல். இரவு 9.52க்கு யூபிஐ மூலம் 6,000 ரூபாய் அனுப்பினாள். கையில் இருந்தது அவ்வளவுதான். மறுநாளும் கேட்டபோது பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா, "நீ என்ன செஞ்ச" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நம் பக்கத்துக் கிராமங்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

போலீஸ் சுறுசுறுப்பாகத்தான் வேலை பார்த்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் எழுதப் போகும் எதிலும் அலட்சியமோ கெட்ட எண்ணமோ காரணம் இல்லை. பணம் போன கணக்கு, அந்த எண்ணின் அழைப்பு விவரம் எல்லாம் வாங்கி எட்டே நாளில் ஆளைப் பிடித்தார்கள். செல்போன் கடையில் வேலை பார்த்த இளைஞன். கடை மூடிய பிறகு அவன் தனியாக உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் போனைத் தன் போனோடு கேபிளில் இணைத்திருப்பது கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. அவன் போனில் படங்கள் இருந்தன. மின்னணு வழியில் ஆபாசம் பரப்புவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவு, அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் மிரட்டிப் பணம் பறித்தலுக்கான 384ஆம் பிரிவு, பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று குற்றப்பத்திரிகை வந்தது. படித்து முடித்தபோது, இவ்வளவு நேரான வழக்கு என் மேஜைக்கு வந்து நாளாகிவிட்டது என்று நினைத்தேன்.

அறுந்த இடங்கள்

முதலில் அவன் செல்போன். சாலையோர டீக்கடையில் வைத்துப் பிடித்தார்கள். மகஜரில் நேரம் காலை 11.40. அங்கேயே திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பைப் பார்த்தார்கள். ஒரு காவலர் தன் சொந்தப் போனில் அந்தத் திரையைப் படம் எடுத்தார். ஸ்டேஷனுக்கு வந்த பிறகு போன் மேஜை மேல் கிடந்தது, சிம் உள்ளே, நெட் ஆனில். சாயங்காலம் வந்த மேலதிகாரிக்குக் காட்ட மறுபடி திறந்தார்கள். தடய அறிவியல் அறிக்கையில் எல்லாம் வரிசையாக வந்தது. மாலை 6.12க்கு வாட்ஸ்அப் திறப்பு. அதன் பின்னாலேயே கேலரி திறப்பு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீளமாக எதுவும் பேசவில்லை. "போன் உங்கள் கைக்கு வந்து ஆறரை மணி நேரம் கழித்து அதை இயக்கியது யார்?" என்று ஆய்வாளரைக் கேட்டார். அவ்வளவுதான். யாரும் அதில் எதையும் நுழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைக் காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அடுத்தது கேமரா பதிவு. கடைக்காரரின் அக்கா மகன் பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். தலைமைக் காவலர் வாங்கிவந்தார். கேமரா பதிவைச் சேமித்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டி கடையிலேயே இருந்தது. வட்டு நிரம்பிவிட்டால் அந்தப் பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். கேமரா எத்தனை, வட்டு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து சில நாளோ சில வாரமோதான் மூலப் பதிவுக்கு ஆயுள். அது போய்விட்டது. மிச்சம் அந்தப் பென்டிரைவ், அதாவது நகல்.

நகல் என்றால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் வேண்டும். 2014 செப்டம்பரில் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் கொஞ்சம் தளர்ந்தது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் கறாராக்கியது. மூலக் கருவியையே கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகலைக் கொண்டுவந்தால் தேவை. அதையும் கருவியின் இயக்கத்துக்கோ நிர்வாகத்துக்கோ பொறுப்பில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும். எங்கள் கட்டில் சான்றிதழ் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவர், பென்டிரைவை வாங்கிவந்த தலைமைக் காவலர். அந்தப் பெட்டிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்ய வழி உண்டு என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. மனுப் போட்டேன். கடைக்காரர் வந்தார். "நான் எடுத்துக் குடுக்கல சார், மாப்ள குடுத்தான். அவன் இப்ப துபாய்ல இருக்கான். பொட்டி ரிப்பேர்னு மாத்திட்டேன்" என்றார். பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லை. அந்தப் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ.

அப்புறம் அந்த 23 நிமிடம். பதிவில் தெரிந்த நேரம் இரவு 8.41. அதே 8.41க்கு அவன் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் கார்டு தேய்த்த ரசீதை எதிர்த்தரப்பு கொண்டுவந்தது. உண்மை என்னவென்றால் டி.வி.ஆர். கடிகாரம் 23 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போட்டுவிட்டு அவன் கடைக்குத் திரும்பி வந்தபோது சரியான நேரம் 9.04. "அதுல டைம் ஸ்லோ சார்" என்று கடைக்காரர் அன்றைக்கே போகிற போக்கில் ஏட்டையாவிடம் சொல்லியிருக்கிறார். மகஜரில் அது ஏறவில்லை. பெட்டியும் போன பிறகு எதை வைத்து நிரூபிப்பது?

மூன்றாவது, பெண்ணின் சொந்தப் போன். அதுதான் மூலம். மிரட்டல் வந்து இறங்கிய இடம். ஸ்டேஷனில் "ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டுட்டு வாம்மா" என்றார்கள். ஜெராக்ஸ் கடையில், முன்பின் தெரியாத ஆள் முன்னால் நின்று அந்தப் படங்களைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. போனை யாரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வேறு போன் வாங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல நான் தயாரில்லை. போனைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாலும் அதுவும் தப்பாகத்தான் போயிருக்கும். சம்பளம், குழு லோன், பஸ் நேரம் எல்லாம் அந்தப் போனில்தான். இரண்டு வருடம் நீதிமன்ற அறையில் கிடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பெண்கள் புகாரையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆய்வகத்தில் முழுப் பிரதி எடுத்து, அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளே எது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் அடையாளக் குறியை, பதிவு செய்து, போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வழி இருக்கிறது என்று அன்று அந்த நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நாலாவது என் சொந்தத் தவறு. வாட்ஸ்அப் நிறுவனத்திடமிருந்து வந்த பதிவில், அந்த எண் இணையத்தில் இருந்த நேரம் 16.07 என்று இருந்தது. என் சாட்சி இரவு 9.37க்கு முதல் படம் வந்தது என்று சொல்லியிருந்தாள். "சாயங்காலம் நாலு மணியா, ராத்திரி ஒன்பதரையா?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. நான் பேசாமல் நின்றேன். அந்தப் பதிவு உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். கூட்டினால் சரியாக 9.37. மூன்றாம் வகுப்புக் கூட்டல். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. தீர்ப்பில் குறை காண எனக்கு இடமில்லை. அந்தக் கட்டை வைத்துக்கொண்டு நான் நீதிபதியாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். வராந்தாவில் பெரியம்மா என்னிடம் கேட்டார்: "அவன் செய்யலன்டு சொல்லிட்டாகளா சார்?" செய்யவில்லை என்று சொல்லவில்லை அம்மா, செய்தான் என்று நாங்கள் காட்ட முடியவில்லை என்றேன். "ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்? ஊர்ல அவன் தலை நிமிந்து நடப்பான்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

யாருக்குப் பயிற்சி?

2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் அமலுக்கு வந்தன. அதற்கு முன்னும் பின்னும் எங்கே பார்த்தாலும் பயிற்சி வகுப்புகள். மோசடிக்கான 420 இனி 318, மின்னணுச் சான்றிதழுக்கான 65பி இனி 63 என்று பிரிவு எண்களை மாற்றிப் படிப்பதிலேயே பெரும்பாலான நேரம் போனது. அது வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் தேவைதான். ஆனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தேன். ஆய்வாளர்கள், துணைக் கண்காணிப்பாளர்கள், என்னைப் போன்ற வழக்கறிஞர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவர்தான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்று 78ஆம் பிரிவே சொல்வதால் அது நியாயமாகத்தான் தெரியும். நடைமுறை வேறு. சம்பவ இடத்தில் குத்துக்காலிட்டு, மடியில் அட்டையை வைத்து மகஜர் எழுதுகிறவர் ஏட்டையா. ஸ்டேஷனில் கட்டைப் பராமரிப்பவர் ரைட்டர். ஆய்வாளர் கையெழுத்துப் போடுகிறார். வழக்கு பிழைப்பதும் சாவதும் முதல் ஒரு மணி நேரத்தில், அந்த மடி அட்டையின் மேல். பயிற்சி அந்தக் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நிபுணர் வருவார் அல்லவா என்று கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டுக்குள் மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து அது கட்டாயம். புதிய சட்டத்தில் மிரட்டிப் பணம் பறித்தலுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை என்று உயர்த்தியிருப்பதால், எங்கள் வழக்கு இன்றைக்கு நடந்திருந்தால் நிபுணர் வரலாம். ஆனால் அந்தப் பெண் பணம் அனுப்பாமல், படம் வந்தவுடனே புகார் கொடுத்திருந்தால்? 67ஆம் பிரிவுக்கு முதல் குற்றத்தில் மூன்று ஆண்டுதான். நிபுணர் வரும் கணக்கில் அது சேராது. கிராமத்துப் பெண்கள் கொண்டுவரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். நிபுணர் வந்தாலும், அவருடைய வண்டி வருவதற்கு முன்னால் போனைக் கையில் எடுத்திருப்பவர் ஏட்டையாதான்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் ஆபாசச் செய்தி பரப்பிய வழக்கில், 67ஆம் பிரிவின் கீழ் 2004 நவம்பரிலேயே சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஏழு மாதத்தில் முடிந்த வழக்கு அது. நல்ல தொடக்கம். அங்கே சென்னையில் அன்று முடிந்தது, இங்கே ஒரு கிராமத்து ஸ்டேஷனில் இன்றும் முடிய வேண்டும்.

மேஜை மேல் ஒரு கடை

வகுப்புக்கு முப்பது பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் ஏட்டுகளும் ரைட்டர்களும். நாங்கள் கேட்டது அதைத்தான். மீதிப் பேர் சார்பு ஆய்வாளர்கள், நாலு அரசு உதவி வழக்கறிஞர்கள், ஆய்வகத்திலிருந்து இருவர், நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் அறையைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர்கள் மூவர். இரண்டாம் நாள் ஒரு நீதித்துறை நடுவர் வந்து உட்கார்ந்தார்.

முதல் மணி நேரத்தில் ஸ்லைடு எதுவும் ஓட்டவில்லை. ஒரு மேஜையில் பழைய டி.வி.ஆர். பெட்டி, ஒரு மானிட்டர், இரண்டு செல்போன், ஒரு பென்டிரைவ் வைத்தோம். இது செல்போன் கடை. மகஜர் எழுதுங்கள் என்றோம். ஐந்து குழு, ஐந்து மகஜர். வாசித்தபோது ஐந்திலும் கிட்டத்தட்ட எங்கள் பழைய வாசகமே இருந்தது. "மேற்படி கடையில் இருந்த கருப்பு நிற டி.வி.ஆர். 1". நீளம் மட்டும் கூடக் குறைய. ஒரு குழு கடையின் நாலு எல்லையையும் அழகாக எழுதியிருந்தது. வடக்கே தார்ச்சாலை, கிழக்கே பெட்டிக்கடை. கத்தியோ கட்டையோ கைப்பற்றினால் எவ்வளவு கவனமாக எழுதுவார்கள் தெரியுமா? கைப்பிடி எத்தனை அங்குலம், ரத்தக் கறை எந்தப் பக்கம் என்று அளந்து எழுதுகிற கைதான் செல்போனைக் கண்டதும் நிறத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் கைக்குத் திறமை குறைவில்லை, எதைப் பார்த்து எழுத வேண்டும் என்று யாரும் காட்டவில்லை.

அப்புறம்தான் பெட்டி அருகே நின்று ஒவ்வொன்றாகக் காட்டினோம். மதியத்துக்குள் ஒரு குழு எழுதியதை இங்கே தருகிறேன்:

"டி.வி.ஆர். 1, நான்கு கேமரா இணைப்புள்ளது. அடியில் ஒட்டியுள்ள வரிசை எண் பார்த்து எழுதப்பட்டது. கைப்பற்றும்போது ஓடிக்கொண்டிருந்தது. டி.வி.ஆர். திரை காட்டிய நேரம் 12.02. அதே நொடியில் சாட்சியின் செல்போன் காட்டிய நேரம் 12.25. இரண்டும் ஒரே படத்தில் வரும்படி புகைப்படம் எடுக்கப்பட்டது. டி.வி.ஆர். 23 நிமிடம் பின்தங்கியுள்ளது. கடை உரிமையாளர் முன்னிலையில் அவரே இணைப்பைத் துண்டித்துக் கொடுத்தார். செல்போன் 1, ஐ.எம்.இ.ஐ. எண்கள் பார்த்து எழுதப்பட்டன. ஆனில் இருந்தது, பூட்டப்படவில்லை. பேட்டரி 41 சதவீதம். 12.31க்கு ஃப்ளைட் மோடில் போடப்பட்டது. வேறு எந்த ஆப்பும் திறக்கப்படவில்லை."

நானூறு பக்கக் கையேட்டில் சொல்வதெல்லாம் இந்தப் பத்து வரிக்குள் வந்துவிடுகிறது. கடைசி வாக்கியத்தை எழுதியவர் அதைத் தானாகவே சேர்த்தார். "திறக்கலைன்னு எழுதிட்டா அப்புறம் எவனும் திறக்க மாட்டான்ல ஐயா" என்றார்.

போன் விஷயத்தில் நிறையச் சந்தேகம் வந்தது. ஆஃபில் இருந்தால் ஆஃபிலேயே விட வேண்டும், ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஆனில் இருந்து, பூட்டாமல் இருந்தால் பூட்டிக்கொள்ள விடாமல் சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பூட்டியிருந்தால், நெட் வழியாகத் தூரத்திலிருந்தே யாராவது அழித்துவிடாதபடி அலைவரிசை எட்டாத பையில் போட வேண்டும். அந்தப் பை எல்லா ஸ்டேஷனிலும் இல்லை. சமையலறை அலுமினியத் தாளில் மூன்று நாலு சுற்றுச் சுற்றி, அந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பார்த்து, மணி அடிக்கவில்லை என்றால் ஓரளவுக்கு நம்பலாம் என்று ஆய்வகத்துக்காரர் செய்து காட்டினார். சுற்றி வைத்த போன் டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்றுவிடும், அதனால் பவர் பேங்கையும் சேர்த்தே சுற்றுங்கள் என்றார். அன்று சாயங்காலமே இரண்டு ரைட்டர்கள் கீழமாசி வீதிக்குப் போய் அலுமினியத் தாள் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

அரக்கு

ஹேஷ் மதிப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எங்களுக்குப் பயம் இருந்தது. கணக்கு என்றதும் கண்கள் மூடிக்கொள்ளும். அதனால் விளக்கம் எதுவும் இல்லாமல் ஆரம்பித்தோம். இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள ஒரு ஏட்டையாவை எழுப்பி, மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் படம் எடுக்கச் சொன்னோம். கேபிள் வழியாக மடிக்கணினிக்கு ஏற்றி, எஸ்.எச்.ஏ. 256 முறையில் ஹேஷ் எடுத்தோம். எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள். பலகையில் எழுதினோம். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். அதே 64. பென்டிரைவுக்கு நகல் எடுத்தோம். அதே 64. பிறகு அதே படத்தைப் பக்கத்தில் இருந்த பெண் காவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அவர் போனிலிருந்து இறக்கி ஹேஷ் எடுத்தோம். ஒரு குறிகூடத் தொடர்பில்லாமல் வேறு.

ஏட்டையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரே படந்தான ஐயா இது?" கண்ணுக்கு ஒரே படம்தான். வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறது. மூன்று எம்.பி. இருந்தது இருநூறு கே.பி.கூட இல்லை. உள்ளே இருந்த எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "நம்ம அரக்குதான ஐயா இது. லேபுக்குப் பொருளை அனுப்பறப்ப மாதிரி முத்திரையைத் தனியா ஒரு தாள்ல போட்டு அனுப்புவோம். அங்க பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. இந்த அறுபத்துநாலும் அந்த மாதிரி முத்திரைதான்."

எங்களில் யாரும் அதற்குப் பிறகு ஹேஷை வேறு விதமாக விளக்கவில்லை. பெட்டியின் மேல் அரக்கு, மகஜரில் மாதிரி முத்திரை. கோப்பில் ஹேஷ், மகஜரில் அதே 64 குறி. வழியில் ஒரு எழுத்து மாறினாலும் அரக்கு உடைந்ததாக அர்த்தம். விண்டோஸ் கணினியிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைச் செய்துவிடும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்புக்கும், அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதற்கும் தனி இடமே விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வந்த சான்றிதழ்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. 'அ' பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவர் தர வேண்டும், 'ஆ' பகுதியை நிபுணர் தர வேண்டும். அந்த நிபுணர் யார் என்பதில் வழக்கறிஞர்கள் நாங்களே ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். ஏட்டுகளுக்கு அது தேவையில்லை. 'அ' பகுதியில் கடைக்காரர் கையெழுத்தைப் பெட்டி எடுக்கும் அன்றைக்கே, அங்கேயே வாங்குங்கள், அவர் துபாய் போவதற்கு முன்னால், என்று சொன்னோம். அது போதும்.

கூண்டில் ஏற்றியது

இரண்டாம் நாள் போலி விசாரணை. முதல் நாள் எழுதிய மகஜர்களை எழுதியவர்களையே கூண்டில் ஏற்றினோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நான் நின்றேன். என்னை அன்று கேட்ட அத்தனை கேள்வியையும் கேட்டேன். ஒரு சார்பு ஆய்வாளரிடம் அந்த 16.07 பதிவைக் காட்டினேன். அவர் கூண்டில் நின்றபடியே காகிதத்தின் ஓரத்தில் ஐந்தரையைக் கூட்டி, "இது உலகப் பொது நேரம், நம் நேரம் இரவு 9.37, மூலப் பதிவின் தலைப்பிலேயே இருக்கிறது" என்று நிதானமாகச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நடுவர் கடைசியில் ஒன்று சொன்னார். தொழில்நுட்பம் எனக்கு வேண்டாம், அந்தப் பெட்டி கடையிலிருந்து என் மேஜை வரை யார் யார் கையில் இருந்தது என்று நூல் அறுபடாமல் சொல்லுங்கள் போதும் என்றார். இப்போது சட்டமும் அதைக் கேட்கிறது. மின்னணுக் கருவி கைமாறிய வரிசையைக் குற்றப்பத்திரிகையிலேயே சொல்ல வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவில் இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு. ஒரு ரைட்டர் இங்கே நல்ல கேள்வி கேட்டார்: "அப்ப நாங்க எடுக்கற அந்த வீடியோவும் மின்னணுச் சாட்சியம்தான? அதுக்கு யாரு அரக்கு வைக்கிறது?" ஆமாம், அதற்கும் ஹேஷ் வேண்டும், அதற்கும் சான்றிதழ் வேண்டும், எடுத்தவர்தான் தர வேண்டும்.

அந்த நூலின் கடைசி முடிச்சு நீதிமன்றத்திலேயே இருக்கிறது. பென்டிரைவ் திறக்கிறதா என்று பார்க்கச் சாதாரணக் கணினியில் செருகினாலே அதில் உள்ள சில விவரங்கள் மாறக்கூடும். சான்றுப்பொருள் அறை எழுத்தர் ஒருவர் இதைக் கேட்டு முகம் வாடிவிட்டார். "வரும்போதே எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத்தான் சார் வாங்குவோம், நல்லதுன்னு நெனச்சு." அந்த எழுத்தரை இதுவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

சரியாக வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டார்க் வெப் பற்றி ஒரு மணி நேரம் வைத்தோம். அந்த நேரத்தை இன்னொரு மகஜருக்குக் கொடுத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசுவது பற்றித் தனியாக நேரமே ஒதுக்கவில்லை, அது பெரிய குறை. ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி சொன்னதோடு சரி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்பதும் நேரமில்லாமல் அவசரமாகத்தான் சொல்லப்பட்டது. அந்தப் பெண்ணின் ஆறாயிரம் ரூபாயை முதல் சில மணி நேரத்தில் நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இடமாறுதல். வகுப்புக்கு வந்த ரைட்டர்களில் ஐந்து பேர் ஆறு மாதத்துக்குள் வேறு பணிக்குப் போய்விட்டார்கள். அந்த மேஜைகளில் இப்போது இருப்பவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. தண்ணீர் பாட்டிலைப் படம் எடுத்த அந்த ஏட்டையா. ஏதோ ஒரு கிராமத்து மளிகைக் கடையிலிருந்து பேசினார், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "ஐயா, டி.வி.ஆர். பதினோரு நிமிஷம் முந்தி ஓடுது. ரெண்டு கடிகாரத்தையும் ஒண்ணாப் படம் எடுத்துட்டேன். கடைக்காரர் 'அ' பகுதியில கையெழுத்துப் போட்டுட்டாரு. ஹேஷை மகஜர்லயே எழுதணுமா, தனித்தாள்ல எழுதி இணைக்கலாமா?"

மகஜரிலேயே எழுதுங்கள் ஏட்டையா, சாட்சிகள் கையெழுத்துக்கு மேலே, என்றேன். புகார் கொடுத்த பெண்ணின் போன் எங்கே என்று கேட்டேன்.

"காலையில லேபுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன் ஐயா. பிரதி எடுத்ததும் கையிலயே குடுத்துரலாம். அதுவரைக்கும் எதையும் அழிக்காத, யாருக்கும் காட்டவும் வேணாம் தாயின்னு சொல்லிட்டேன்" என்றார்.